தைரியமா குந்து

ஆவடி,
16.06.2025

பிரகாசம் அண்ணாவுக்கு, உங்கள் தங்கை ரோஸி.

ஆவடியிலிருந்து முகப்பேருக்குத் தபாலா என்று போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பஸ் ஏறினா போயிடலாமே மா" என்றாள். "பஸ் போவும். கதவு தொறக்காது" என்றேன். உடனே ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுத்துவிட்டாள்.

வேறு என்ன வழி வைத்தீர்கள்? என் நம்பரை பிளாக் செய்தாயிற்று. குடும்ப குரூப்பை விட்டுப் போயாயிற்று. நம் கோயில் பங்கில் தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபம் சொல்லும் அன்பியத்துக்கு இத்தனை வருடம் செயலாளராக இருந்துவிட்டு, ஒரே மெசேஜில் ராஜினாமா செய்தாயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்து மகன் ஆன்டோவின் ஃப்ளாட்டுக்குப் போன பிறகும் ஞாயிறு பூசைக்கு ஆவடிக்குத்தான் வருவீர்கள். இப்போது அதுவும் இல்லை. நேரில் வந்தால் மருமகள் ஜெனிஷா கதவைப் பாதி திறந்து, "மாமா தூங்குறாங்க அத்தை" என்கிறாள். தூங்குகிறவர் டிவி சத்தத்தைக் குறைத்ததை அன்றுதான் கேட்டேன்.

எல்லாம் ஒரு வீடியோவுக்காக.

இரண்டு வருடத்துக்கு முன் என் குடலில் இருந்த கட்டியை எடுத்தார்கள். மலம் போகும் வழியை வயிற்றின் இடது பக்கமாகத் திருப்பி, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். இது உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல இருக்கவும் உங்களுக்குத் தெரியும். எங்களைப் போன்றவர்களுக்காக 'தைரியமா குந்து' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறேன். பையை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று என் வயிற்றிலேயே செய்து காட்டி அதற்காக வீடியோ எடுத்தேன். பள்ளிக்கூடம் திறந்த வாரம். நம் ஸ்கூல் பேக் கடையில் நிற்க இடமில்லை. ஒரு கையில் பில் புக், ஒரு கையில் போன். அன்பியம் குரூப் மேலே நின்றது. விரல் அதில் பட்டுவிட்டது.

உடனே அழித்திருக்கலாமே என்று ஆன்டோ மூலமாகக் கேட்டீர்கள். அழிக்கத்தான் போனேன். அதற்குள் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ், நம் அன்பியத்திலிருந்தே. பெயர் சொல்லமாட்டேன். "ரோஸிக்கா, என் மாமியாருக்கும் இதே தான். மூணு வருஷமா பழைய துணி கட்டினு கீறோம். இப்டி பை ஒண்ணு கீதுன்னே எங்களுக்குத் தெரியாது."

சொல்லுங்கள், அதற்குப் பிறகு எந்த விரலால் அழிப்பது?

ஃபாதர் பலகாரம் சாப்பிடும்போது பார்த்துவிட்டாராம். பார்க்கட்டும். அவர் அடுத்த நாள் கடைக்கே வந்து, "இப்படி இருக்கறவங்க பங்குல வேற யாராவது இருந்தா உங்கிட்ட அனுப்பறேன், பாத்துக்கோ" என்றார். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று நினைத்து உறையைப் பிரித்திருந்தால், அண்ணா, அது இதில் இல்லை. ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் தார்ப்பாய் விரித்துக் குடையும் பையும் விற்றவள் நான். இன்று மார்க்கெட்டில் இரண்டு ஷட்டர் கடை. அதைவிட இந்த குரூப்பில்தான் எனக்குப் பெருமை. கடையைக் காசு இருந்தால் யாரும் வைக்கலாம்.

பிளாக்கை எடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டே இருப்பேன்.

ரோஸி


முகப்பேர் மேற்கு,
24.06.2025

அன்புத் தங்கை ரோஸிக்கு,

உன் 16ஆம் தேதிக் கடிதம் கிடைக்கப்பெற்றேன். நான் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் கோப்புகளுக்குப் பதில் எழுதியவன். எனவே உன் கடிதத்துக்கும் வரிசையாகவே பதில் எழுதுகிறேன்.

நோய் வருவது குற்றம் அல்ல. நான் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை. நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது உனக்காக ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொன்னவன் நான். ஆனால் நோயைக் காட்ட வேண்டிய இடம் மருத்துவரின் அறை. ஊர் முழுவதும் பார்க்கும்படி ஒரு பெண் தன் வயிற்றைத் திறந்து காட்டுவது தைரியம் அல்ல. அன்று காலை எனக்கு ஏழு பேர் போன் செய்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குரூப்பின் பெயர் பற்றியும் சொல்லவேண்டும். 'குந்து' என்பது தெருவில் பேசும் சொல். 'துணிவுடன் அமர்க' என்று வைத்திருக்கலாம். நம் அப்பா கடைசிவரை வீட்டில் அந்தச் சொல்லைப் பேச விடவில்லை.

ஸ்டேஷன் படிக்கட்டை நீ நினைவூட்டத் தேவையில்லை. அப்போதும் நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இந்தக் கடிதத்தைத் தொடரும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஒரு விஷயம். எங்கள் பிளாக்கில் மூன்றாம் மாடியில் சிவராமன் என்று ஒருவர் இருக்கிறார். ரிட்டயர் ஆனவர். நல்ல மனிதர். அவருக்கு ஆசனவாய்க்கு மிக அருகில் கட்டி இருப்பதாகவும், உனக்குச் செய்தது போன்ற ஆபரேஷன் செய்யவேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறாராம். பை நிரந்தரமாக இருக்குமாம். ஆகஸ்டைத் தாண்டவிடக் கூடாது என்கிறார்களாம். அவர் மிகவும் குழம்பியிருக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு மனிதன் மனிதனாக நடமாட முடியுமா என்று கேட்கிறார். உனக்குத் தெரிந்ததை மட்டும் எழுது. எந்த குரூப்பிலும் இதைப் போடாதே.

உன் அண்ணன்,
பி. பிரகாசம்


ஆவடி,
27.06.2025

அண்ணா,

சிவராமன் சாருக்காகக் கேட்டதற்கு நன்றி. கடையில் தினமும் பார்க்கிறேன், 'பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பேக் காட்டுங்க' என்பவர்கள்தான் ஜிப்பைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பார்கள். அதனால் சாருக்கு எல்லாவற்றையும் விவரமாகவே சொல்கிறேன்.

நடமாட முடியும். நான் விடிந்தால் கடை திறக்கிறேன். குளிக்கிறேன், பையோடும் குளிக்கலாம், கழற்றிவிட்டும் குளிக்கலாம். புடவைக்கு மேல் ஒன்றும் தெரியாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும், சோம்பேறித்தனம் கூடாது. கனம் மட்டும் தூக்குவதில்லை, மூட்டை இறக்க ஆள் போட்டிருக்கிறேன். வெங்காயம் சாப்பிட்டால் காற்று அதிகம், அதனால் பயணம் போகும் நாளில் சாம்பாரில் ஒதுக்கிவிடுவேன்.

ஆனால் முதல் எட்டு மாதம் இப்படி இல்லை. அதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், நீங்களும் கேட்கவில்லை. டாக்டர் நல்லவர், உயிரைக் காப்பாற்றினார். அவருக்கு வெளியில் ஐம்பது பேர் காத்திருந்தார்கள். பையை எப்படி ஒட்டுவது என்று ஒரு முறை காட்டினார்கள், அப்போது எனக்கு மயக்கம் தெளியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஓரம் கசிந்து தோல் புண்ணாகிவிட்டது. கடைக்குப் போனாலும் பின்னால் ஸ்டாக் அறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நிற்பேன். உட்காரமாட்டேன். உட்கார்ந்தால் பை அழுந்தி வெடித்துவிடும் என்று பயம். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் நிற்பேன்.

ஒருநாள் போனில் எதையோ தேடும்போது ஒரு வீடியோ. அம்பத்தூரில் பேங்க்கில் வேலை செய்யும் நாகவல்லி என்று ஒரு பெண். ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "எனக்கும் பை இருக்கு, நான் கேஷ் கவுண்டர்ல உக்காந்திருக்கேன், உங்க பணத்தையும் எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றாள். கீழே அவளுக்கு எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. புண்ணுக்கு என்ன காரணம் என்று நான் அனுப்பிய படத்தைப் பார்த்தே சொன்னாள்: பையைத் தோலில் ஒட்டும் தகட்டின் ஓட்டையைப் பெரிதாக வெட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். எட்டு மாத அழுகைக்குக் காரணம் ஒரு கத்தரிக்கோல்.

அதற்குப் பிறகு நானும் அவளும் சேர்ந்து இந்த குரூப்பை ஆரம்பித்தோம். பெயர் வைத்தது நான். ஸ்டேஷன் படிக்கட்டில் முதல் நாள் தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு விரிக்கக் கூச்சப்பட்டு நின்றேன். பக்கத்தில் கீரை விற்ற அம்மா நிமிர்ந்து பார்த்து, "இன்னா யோசிச்சினு நிக்கிற? தைரியமா குந்து. குந்தினாதான் யாவாரம்" என்றது. 'துணிவுடன் அமர்க' என்று அந்த அம்மா சொல்லியிருந்தால் நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

ஆவடி, பட்டாபிராம், பாடி, பூந்தமல்லி என்று இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். சிவராமன் சாரையும் வரச் சொல்லுங்கள். படம் வைக்கத் தேவையில்லை. பேசத் தேவையில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ரோஸி


முகப்பேர் மேற்கு,
08.07.2025

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தை சிவராமனிடம் படித்துக் காட்டினேன். கத்தரிக்கோல் விஷயத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

அவர் இப்போதைக்கு ஆபரேஷனை ஒத்திப்போட்டிருக்கிறார். போனில் ஒரு வைத்தியரின் வீடியோ பார்த்தாராம். கத்தி படாமல் ஒரு மண்டலத்தில் கட்டியைக் கரைக்கும் மூலிகைப் பொடி. தபாலில் வரவழைத்துத் தினமும் இரண்டு வேளை வெந்நீரில் குடிக்கிறார். வாந்தி வருகிறது. அது விஷம் வெளியேறுவது என்று அந்த வைத்தியர் சொல்கிறாராம். லட்சம் பேர் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள்.

அதேசமயம், பொடி வேலை செய்யாமல் ஆபரேஷன்தான் என்று ஆகிவிட்டால், அவருக்குச் சில சந்தேகங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முழங்காலில் நிற்க முடியுமா? ஃபாதர் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும் எழுப்புதல் நேரத்தில் கோயில் முழுக்க அமைதியாக இருக்கும்போது வயிற்றிலிருந்து சத்தம் வருமா? நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது முன்னால் பின்னால் இருப்பவர்களுக்கு வாடை தெரியுமா?

கூச்சப்படாமல் எழுது. அவர் தவறாக நினைக்கமாட்டார்.

பி. பிரகாசம்


ஆவடி,
10.07.2025

அண்ணா,

மூன்றாம் மாடி சிவராமன் சாரை எனக்குத் தெரியும். போன வருடம் பிள்ளையார் சதுர்த்தி அன்று நான் உங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தபோது நெற்றி நிறைய விபூதியோடு லிஃப்டில் எனக்குச் சுண்டல் கொடுத்தவர். அவர் எப்போதிலிருந்து நற்கருணை வாங்குகிறார்?

நான் சிரிக்கவில்லை அண்ணா. அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு ஷட்டரை இறக்கிவிட்டு, ஸ்டாக் அறைக்குப் போய் அதே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன். இனியும் சிவராமன் என்றே எழுதுகிறேன். அவருக்கு அதுதான் வசதி என்றால் எனக்கும் அதுதான் வசதி.

முதலில் அந்தப் பொடி. இன்றைக்கே சாக்கடையில் கொட்டச் சொல்லுங்கள். அந்த ஆளை எனக்குத் தெரியும். 'அறுவை இல்லை, அழுகை இல்லை' என்பானே, அவன்தானே? போன தீபாவளிக்கு எங்கள் குரூப்புக்குள்ளும் வந்தான். வந்த அன்றே பொடி விளம்பரம் போட்டான். நாகவல்லி அவனைத் தூக்கி வெளியே போட்டாள். எங்கள் குரூப்பில் ஒரே சட்டம், மருந்து பேசக் கூடாது. மருந்து டாக்டரோடது. எப்படி ஒட்டுவது, எப்படி உட்காருவது, எப்படிக் கல்யாண வீட்டில் சாப்பிடுவது, பயத்தை எப்படி முழுங்குவது, அதுதான் எங்களோடது.

போனே கெட்டது என்று என்னை பிளாக் செய்தீர்கள், அதே போனில் பொடி வாங்கியிருக்கிறீர்கள். சரக்கு எடுக்கத் தெரியவேண்டும் அண்ணா. ஒரு கம்பெனி ஏஜென்ட் வந்து இந்த ஜிப் ஜென்மத்துக்கும் போகாது என்று சொன்னால், நான் அவனைப் பார்க்கமாட்டேன், ஆறு மாதம் அந்த பேக்கைத் தூக்கின பிள்ளையைப் பார்ப்பேன். லட்சம் பேர் பார்த்தது இருக்கட்டும். பொடி குடித்து நன்றாக இருக்கிற ஒரே ஒரு ஆளை நேரில் காட்டச் சொல்லுங்கள். நான் இருநூறு பேரைக் காட்டுகிறேன், பையோடு, அவரவர் வேலையில்.

இப்போது சாரின் சந்தேகங்கள். முழங்காலில் நிற்கலாம். புண் ஆறும்வரை அவசரப்படக் கூடாது. சத்தம் வரும், எப்போதாவது. கையை மேலே வைத்து லேசாக அழுத்திக்கொண்டால் அடங்கிவிடும். எழுப்புதல் நேரத்தில் கோயிலில் எத்தனை வயிறு சத்தம் போடுகிறது என்று இதுவரை நீங்கள் கவனித்ததில்லை, நான் கவனித்திருக்கிறேன். வாடை, பை சரியாக ஒட்டியிருந்தால் துளி வராது. இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணை வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றவள் நான். உங்களுக்கு என்றைக்காவது தெரிந்ததா?

டாக்டர் ஆகஸ்ட் என்று சொன்னது சும்மா இல்லை. என் கட்டியை நேரத்தோடு எடுத்ததால்தான் இந்தப் பேனா என் கையில் இருக்கிறது. சார் போய்விட்டால் எனக்குக் கூடப்பிறந்தது வேறு யாரும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

ரோஸி


முகப்பேர் மேற்கு,
19.07.2025

ரோஸிக்கு,

பொடியைக் கொட்டியாயிற்று.

ஆனால் சிவராமன் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆண்டவர் கொடுத்த உடலோடு போய்ச் சேர்வதே மேல் என்கிறார். அறுபத்தேழு வயது, பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்தது, இனி யாருக்காக என்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்த வீடியோவை அன்று நான் முழுதாகப் பார்க்கவில்லை. உன் வயிற்றில் அந்த இடம் தெரிந்ததும் போனைக் கவிழ்த்துவிட்டேன். அதற்குப் பிறகு குரூப்பை விட்டு வந்துவிட்டதால் அது என்னிடம் இல்லை. ஜெனிஷாவின் போனுக்கு அனுப்ப இயலுமா. சிவராமன் பார்க்க விரும்புகிறார்.

பிரகாசம்


ஆவடி,
20.07.2025

அண்ணா,

அனுப்பிவிட்டேன். கவிழ்க்காமல் பாருங்கள். வயிறு வருவது முதலில் கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகுதான் நம் வியாபாரம். புதுப் பை ஒன்றில் நீல மை கலந்த தண்ணீரை நிரப்பி, ஸ்கூல் பேக் மாட்டுகிற கொக்கியில் தொங்கவிட்டுக் கையால் அடித்துக் காட்டுகிறேன். கசியாது. பிறகு அதையே ஸ்டூலில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து காட்டுகிறேன். நான் அறுபத்தெட்டு கிலோ. வெடிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் சீட்டில் உட்கார ஆரம்பித்தவர்கள் எத்தனையோ பேர்.

குரூப்பில் ஒரே வரிதான் போட்டேன்: முகப்பேரில் ஒருத்தர், பெயர் சிவராமன், பயப்படுகிறார். காலையில் போட்டேன், மதியத்துக்குள் குரல் செய்தி குவிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஜெனிஷாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அப்துல் ரசாக் பாய் பேசுவதை மட்டுமாவது கேளுங்கள். பூந்தமல்லியில் பிரியாணிக் கடை. அவர் சொல்கிறார்: "சார், நான் அஞ்சு வேளையும் குனிஞ்சி நிமிந்துகினு தான் கீறேன். ஒண்ணும் ஆவல. நீங்க முடிச்சிக்கினு வாங்க. ஒரு நாள் நம்ம கடையில ரெண்டு பேரும் குந்தி சாப்புடுவோம். வெங்காயப் பச்சடி மட்டும் உங்களுக்குக் கெடயாது."

இனி யாருக்காக என்று கேட்டீர்களே. அண்ணி போன பிறகு நீங்கள் அப்படித்தான் பேசுகிறீர்கள். இத்தனை பேர் முகம் தெரியாத ஒரு சிவராமனுக்காக வேலையை விட்டுவிட்டுப் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மதம் என்றால் நீளமாக எழுதவேண்டாம். தேதியை மட்டும் போடுங்கள். கடையை மூடிவிட்டு வந்து வராந்தாவில் இருப்பேன். பேசமாட்டேன்.

ரோஸி


முகப்பேர் மேற்கு,
26.07.2025

ஆகஸ்ட் 11.

பிரகாசம்


முகப்பேர் மேற்கு,
28.09.2025

அன்புத் தங்கை ரோஸிக்கு,

இதைப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். உட்காரும் இடத்தில் தையல் இன்னும் முழுதாக ஆறவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

ஆஸ்பத்திரியில் நான் இருந்த நாள் முழுவதும் நீ வராந்தாவிலேயே இருந்ததாக ஜெனிஷா சொன்னாள். சொன்னபடியே உள்ளே வந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. இவ்வளவு நாள் நீ பேசாமல் இருந்தது இதுவே முதல் முறை என்று நினைக்கிறேன்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாகவும் நேரத்தோடு வந்துவிட்டதாகவும் டாக்டர் சொன்னார். ஆண்டவருக்கு நன்றி.

போன வாரம் நடந்ததை உனக்கு எழுதியாக வேண்டும். ஜெனிஷா என் போனில் உன் குரூப்பைச் சேர்த்து வைத்திருந்தாள், சிவராமன் என்ற பெயரில். நான் படிப்பதோடு சரி. புதன்கிழமை மதியம் ஆன்டோ ஆபீசில், ஜெனிஷா பேரனை அழைத்துவர ஸ்கூலுக்குப் போயிருந்தாள். திடீரென்று பை ஒரு பக்கமாகப் பெயர்ந்துவிட்டது. குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் நிலையை உனக்கு விவரிக்கமாட்டேன். உனக்கே தெரியும். ஒரு கையால் குரூப்பில் எழுதினேன்: 'பை கழன்றுவிட்டது. வீட்டில் யாரும் இல்லை.'

போனை வைப்பதற்குள் நாகவல்லி அம்மா வீடியோவில் வந்துவிட்டார். "கேமராவை கீழ காட்டுங்க சார், முகம் வேணாம்" என்றார். துடைப்பது, காயவைப்பது, வெட்டுவது, ஒட்டுவது, கையால் அழுத்திப் பிடித்துச் சூடாக்குவது, ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்ய வைத்தார். தொழிற்சாலையில் நான் பார்த்த எந்தப் பயிற்சி வகுப்பும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. கடைசித் தகடு அது. கைவசம் வேறு இல்லை என்றேன். உடனே ரசாக் பாய், "அட்ரஸ் போடுங்க சார், என் கிட்ட கீது" என்று எழுதினார். பிளாக்கின் பெயரை மட்டும் போட்டேன்.

அங்கேதான் தவறு நடந்தது. அவர் பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து வாட்ச்மேனிடம் சிவராமன் சார் வீடு என்று கேட்டிருக்கிறார். வாட்ச்மேன் மூன்றாம் மாடிக்கு அனுப்பிவிட்டான். கதவைத் திறந்தது உண்மையான சிவராமன். நான் நான்காம் மாடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

"சார், பயப்படாதீங்க, தகடு கொண்டாந்துட்டேன். இப்போ கசியுதா?"

"என்ன கசியுது? பிளம்பரா நீங்க? நான் யாரையும் கூப்பிடலியே."

"கூச்சப்படாதீங்க சார். சட்டைய தூக்குங்க, நான் பாத்துக்கறேன்."

"யோவ், யாருய்யா நீ?"

நான் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். கொஞ்ச நேரம் அப்படித்தான் நின்றேன். ஆனால் அந்த மனிதர் மதிய வியாபாரத்தை விட்டுவிட்டு எனக்காக வந்தவர். அவரைத் திட்டுவாங்க விடமுடியுமா? கைலியோடு படிக்கட்டு வரை போய், "பாய், இங்கே. நான்தான் அது" என்றேன். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "எனக்குத்தான் வயிற்றில் பை. என் பெயர் பிரகாசம். சார், உங்கள் பெயரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்" என்றேன்.

சிவராமன் பாயின் கையிலிருந்த பார்சலை வாங்கி மேலே கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து இடியாப்பம் வந்தது.

இந்த உதவி எனக்கு எந்தக் கோப்பிலும் எழுதாமல் கிடைத்தது. என் தங்கை கட்டிய ஏற்பாடு இது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அடிக்கமாட்டேன்.

உன் அண்ணன்,
பிரகாசம்


ஆவடி,
01.10.2025

அண்ணா,

கடைசிப் பத்தியைக் கடையில் சத்தமாகப் படித்தேன். பேக் வாங்க வந்த ஒரு அம்மா கைதட்டியது.

அன்று நீங்கள் குரூப்பில் போட்டதை நான் அப்போதே பார்த்தேன். ஆட்டோ பிடித்தால் வந்துவிடலாம். ஆனாலும் வரவில்லை, பதிலும் போடவில்லை. தங்கை முன்னால் நீங்கள் அந்த நிலையில் நிற்க விரும்பமாட்டீர்கள். முகம் தெரியாதவர்களிடம் கேட்பது சுலபம். அதற்குத்தானே இந்த குரூப். நாகவல்லி வீடியோவில் வந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் கஸ்டமருக்குச் சில்லறை கொடுத்தேன். அதுவும் தப்பாகக் கொடுத்திருக்கிறேன்.

ரசாக் பாய் அந்தக் கதையை குரூப்பில் சொல்லிவிட்டார், பெயர் இல்லாமல்தான். "சட்டைய தூக்குங்க" என்பதுதான் இப்போது எங்கள் குரூப்பில் வணக்கம்.

பிளாக்கை எடுத்துவிட்டீர்கள், உங்கள் படம் தெரிகிறது. போன் மட்டும் வரவில்லை. அவசரமில்லை. ஸ்டாம்ப் இன்னும் இருக்கிறது.

ரோஸி


முகப்பேர் மேற்கு,
14.12.2025

அன்புத் தங்கை ரோஸிக்கு,

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் சொல்ல வந்ததை முடிக்கமாட்டேன். எனவே தபால்.

இன்று காலைப் பூசைக்கு ஆவடிக்கு வந்தேன். தனியாக, பஸ்ஸில், ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்துகொண்டு. கிறிஸ்துமஸ் வியாபாரத்தால் நீ மாலைப் பூசைக்குத்தான் போவாய் என்று தெரியும். முன்வரிசை பெஞ்சில் இடம் இருந்தது. எழுப்புதல் நேரத்தில் முழங்காலில் நின்றேன். வயிறு சத்தம் போட்டது. நீ சொன்னது உண்மைதான், பக்கத்தில் இருந்தவரின் வயிறு இன்னும் அதிகமாகச் சத்தம் போட்டது.

பூசை முடிந்து உன் கடைக்கு வந்தேன். வாசல் வரை கூட்டம். எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். ஏணிமேல் ஏறாமல், நீள் குச்சியால் மேல் கொக்கியிலிருந்து பேக்கை எடுத்துக்கொடுத்துக் கொண்டிருந்தாய். கூப்பிடவில்லை. ஸ்டேஷன் பக்கமாக நடந்தேன்.

அந்தப் படிக்கட்டு அப்படியே இருக்கிறது. நீ தார்ப்பாய் விரித்திருந்த அந்த வருடங்களில் நான் வேலைக்குப் போகும்போது அடுத்த வாசல் வழியாகச் சுற்றிப் போனேன். அது உனக்குத் தெரிந்திருக்கும். நீ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அங்கே ஒருவர் போன் கவர் விற்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு படி காலியாக இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிற இடம். கைக்குட்டையை விரித்து அங்கே குந்தினேன். 'அமர்ந்தேன்' என்று எழுதத்தான் பேனா போனது. அது சரியாக வரவில்லை.

அங்கே குந்தியபடியே ஒரு வேலை செய்தேன். போன வாரம் ஜெனிஷாவை எடுக்கச் சொல்லி ஒரு வீடியோ வைத்திருந்தேன். பையை நானே கழற்றி நானே மாட்டுகிறேன். முகம் தெரிகிறது. முதலில் என் பெயரையும் வயதையும், எந்தப் பங்கு என்பதையும் சொல்கிறேன். கடைசியில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து காட்டுகிறேன். ஃபாதர் என்னை மீண்டும் அன்பியம் குரூப்பில் சேர்த்திருக்கிறார். அந்த வீடியோவை அங்கே போட்டேன். விரல் தவறிப் படவில்லை. பார்த்துத்தான் போட்டேன். அழிக்கும் எண்ணமும் இல்லை.

ஆறுதல் சொல்லி யாரும் போன் செய்யவில்லை. ஆனால் நான் பஸ் ஏறுவதற்குள் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. நம் அன்பியத்தில் உள்ளவர்தான். பெயர் சொல்லமாட்டேன். "அண்ணாத்தே, எனக்கும் ரெண்டு மாசமா ரத்தம் போவுது. ஊட்ல யாருக்கும் சொல்லல. உங்க கிட்ட பேசலாமா?"

அவருக்குப் பதில் சொல்லவேண்டும். காத்துக்கொண்டிருக்கிறார். எனவே இதோடு முடிக்கிறேன்.

உன் அண்ணன்,
பிரகாசம்